கீழக்கரைத் தொதல்: கருப்பட்டியா சீனியா என்று கேட்டு வாங்குங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில், அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் இனிப்போடு கிண்டிச் செய்யும் தொதல் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று சீனித் தொதல். பளபளப்பாக, வெளிர்ப் பழுப்பில் இருக்கும். இன்னொன்று கருப்பட்டித் தொதல். ஏறக்குறைய கறுப்பு நிறம், விரலில் எண்ணெய் படும், வாயில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான புகைவாசம் வரும். முதலாவது இனிப்பு, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்க வேண்டியது இரண்டாவதை.

பலகாரம் மலாய், இந்தோனேசியப் பக்கமிருந்து கப்பலேறி வந்தது என்பார்கள், அங்கே டோடோல். இலங்கையின் அம்பாந்தோட்டையில் இதே பண்டம் 'களு தொதொல்'. அங்கே சிங்களவரும் புத்தாண்டுக்கு வாங்குகிறார்கள். நம் கரைக்கு வந்ததும் இதில் பனை சேர்ந்துகொண்டது. ருசி மாறியது அதனால்தான்.

பனை என்றால் இதே மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம். அங்கே மரம் ஏறுகிறவர்களில் இந்துவும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. பாளை சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். கூடினால் கருப்பட்டி கரிக்கும். சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. இவ்வளவு பாடு இருப்பதால்தான் இடையில் சீனி கலக்கும் ஆசையும் வருகிறது. கலப்படக் கட்டியை உடைத்தால் உடைந்த முகம் கற்கண்டு போல மினுங்கும். நல்லது மங்கலாக இருக்கும். ஆனால் சந்தையில் மூட்டையாக வாங்குகிறவர் எத்தனை கட்டியை உடைத்துப் பார்ப்பார்? பனையேறி குடும்பத்திடம் வருஷா வருஷம் நேராக வாங்கும் தொதல்காரருக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளிவாசல் தெருவின் அடுப்புக்கும் பனங்காட்டு அடுப்புக்கும் இடையில் இருக்கும் அந்த வாடிக்கைதான் இந்தப் பலகாரத்தின் தரம். அது அறுந்த கடையில் தேங்காய்ப்பாலைக் குறைத்து டால்டாவும் வந்து சேரும்.

செய்முறை தெரிந்தால் குறை எங்கே என்று நாக்கே சொல்லிவிடும். ஒரு கிலோ அரிசி மாவுக்கு இரண்டு கிலோ கருப்பட்டி, முற்றிய தேங்காய் பத்து. ஜவ்வரிசி சேர்க்கிறவர்களும் உண்டு. அது சேர்ந்தால் துண்டு கண்ணாடி போல ஒளி விடும். கருப்பட்டியைக் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். சோம்பல்பட்டால் மணலும் சுண்ணாம்பும் பல்லில் நெறுநெறுக்கும். இரண்டாம், மூன்றாம் பாலில் மாவைக் கரைத்து அடுப்பேற்றி, இறுகத் தொடங்கியதும் முதற்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டுவார்கள். மூன்று, நான்கு மணி நேரம் துடுப்பு நிற்கக் கூடாது. ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர் வாங்க வேண்டும். தனியாளாகக் கிண்டிய சட்டியில் அடிப்பிடித்த கசப்பு இருக்கும். தண்ணீர் வற்ற வற்றத் தேங்காய்ப்பால் முறிந்து எண்ணெய் கக்கும். அந்த எண்ணெயை வழித்தெடுத்த பிறகு, தொட்டால் விரலில் ஒட்டாத பக்குவத்தில் இறக்கித் தட்டில் கொட்டி, ஏலம், முந்திரி தூவி, ஓர் இரவு ஆறவிட்டு வெட்ட வேண்டும். சூட்டில் வெட்டினால் நடுப்பகுதி களியாகவே நின்றுவிடும். இளந்தேங்காய் போட்டால் எண்ணெய் கக்காது. அந்தத் தொதல் சில நாளிலேயே பூசணம் பிடிக்கும்.

கடையில் கேட்க வேண்டியது, "காக்கா (இங்கே அண்ணனை அழைப்பது இப்படித்தான்), கருப்பட்டியா சீனியா? எப்ப கிண்டினது?" என்ற இரண்டே கேள்வி. துண்டை லேசாக அழுத்தினால் குழி விழுந்து மெல்ல எழ வேண்டும். அப்படியே அமுங்கினால் வேக்காடு போதாது. பங்குனியிலிருந்து ஆடி வரை கிண்டுவது புதுக் கருப்பட்டியில் என்பதால் மணம் தூக்கலாக இருக்கும். ஐப்பசி மழையில் கருப்பட்டி ஈரம் வாங்கிக் கசியும். அடுப்புக்கு மேல் பரணில் புகை பட வைத்திருக்கிறவர் சரக்கு மட்டும் தப்பும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நாள் பார்த்து வாருங்கள். நல்ல நாள் கெட்ட நாள் அல்ல, 144 பார்த்து: கூட்டம் கூடத் தடை போடும் சட்டப் பிரிவு, இப்போது அதன் எண் 163. பரமக்குடியில் செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன்), பசும்பொன்னில் அக்டோபர் 30 (முத்துராமலிங்கத் தேவர்): இந்த இரண்டு நினைவு நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கம். வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, வழியெல்லாம் சோதனைச் சாவடி. 1957 முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரத்தின் தழும்பு இன்னும் சாலையில் தெரிகிற மாவட்டம் இது. தீபாவளிக்குத் தொதல் வேண்டுமென்றால் அக்டோபர் முதல் வாரத்திலேயே சொல்லி வையுங்கள். கருப்பட்டி எடுத்து வைக்கவும் ஆள் சேர்க்கவும் அவர்களுக்கு நேரம் வேண்டும்.

சரியாகக் கிண்டியது வெளியிலேயே இரண்டு வாரம் தாங்கும். குளிர்பெட்டியில் வைத்தால் மாவு விறைத்துக் கட்டியாகும். அப்படி ஆனால் இட்லிக் கொப்பரையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் இளகிவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் நேராக வைக்காமல் வாழையிலை விரித்து வையுங்கள்; எண்ணெய் அதில் தங்கும்.