மூன்று மாத ஃபோனிக்ஸ் வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

யு.கே.ஜி. படிக்கும் என் மகளுக்கு ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் மனப்பாடம். ஆனால் 'கேட்' என்ற சொல்லைக் காட்டினால் 'சி, ஏ, டி' என்று எழுத்துகளின் பெயர்களை அடுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துப் 'பூனை' என்பாள். எழுத்தின் பெயர் வேறு, அது சொல்லுக்குள் எழுப்பும் ஒலி வேறு என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதனால்தான் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடியில் நடக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பில், அதாவது எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பில், அவளைச் சேர்த்தோம். வாரம் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம், எட்டுக் குழந்தைகள், பயிற்சிப் பொருள்களையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய்.

இங்கிலாந்தில் 1992-இல் வெளிவந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறையைத் தழுவியே பாடம் நடத்துவதாக ஆசிரியை முதல் நாளிலேயே தெரிவித்தார். அம்முறையில் 42 ஒலிகள் ஏழு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் தொகுதியில் வருபவை ஏ, பி, சி அல்ல. எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்துகள். இந்த ஆறை மட்டும் அறிந்த குழந்தைகூட 'ஸிட்', 'பின்', 'டின்', 'நிப்' எனப் பல சொற்களை உடனே கூட்டிப் படித்துவிட முடியும் என்பதே இந்த வரிசையின் பயன். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு செய்கை உண்டு: எஸ் எழுத்துக்குக் கையைப் பாம்பைப் போல நெளிக்க வேண்டும், டி எழுத்துக்கு டென்னிஸ் பந்தைப் பார்ப்பவரைப் போலத் தலையை இருபுறமும் திருப்ப வேண்டும். முதலில் இது வேடிக்கையாகத் தோன்றினாலும், படிக்கும்போது தடுமாறும் குழந்தை கையை நெளித்துப் பார்த்து ஒலியை நினைவுக்குக் கொண்டுவருவதைக் கண்ட பிறகு என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

ஆறாவது வாரத்தில் அவள் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, 'ம்-இ-ல்-க்' என்று ஒலிகளைக் கூட்டி 'மில்க்' என்றாள். இருந்தாலும் இது மனப்பாடமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு 40 சொற்களைப் படிக்கச் சொல்லும் ஒரு சோதனை நடக்கிறது. அவற்றில் பாதி பொருளே இல்லாத சொற்கள். அதைப் பின்பற்றி நானும் 'விப்', 'டெக்', 'மொஸ்' என்று பத்துச் சொற்களைப் புனைந்து எழுதிக் கொடுத்தேன். அவற்றில் ஏழு சொற்களைச் சரியாகப் படித்தாள். இதற்கான பாராட்டு முழுவதும் ஆசிரியையின் பொறுமையையே சேரும்.

குறை உச்சரிப்பில் இருக்கிறது. 'ப்', 'ட்', 'க்' என்று மெய்யொலியாக நிறுத்த வேண்டிய இடத்தில் 'ப', 'ட', 'க' என்று உயிரைச் சேர்த்தே வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். இதனால் 'பிட்' என்ற சொல்லைக் கூட்டும் குழந்தை 'ப-இ-ட' என்கிறது. இந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'பிட்' வராது. பேச்சுத் தமிழில் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால், 'புக்கு', 'பஸ்ஸு' என்று கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்க்கும் பழக்கமும் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இதற்கான மருந்தும் நம்மிடமே உள்ளது. க் + அ = க என்ற உயிர்மெய் அட்டவணை அதே குழந்தைகளின் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிறது; புள்ளி வைத்த எழுத்தைப் பலகையில் எழுதினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். இதை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் எழுத்தைப் பார்த்தால் பெற்றோர் சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்றார். கோபித்துக்கொள்ளும் பெற்றோரை நானும் அறிவேன் என்பதால் மேற்கொண்டு வாதாடவில்லை. வீட்டில் நான் புள்ளி வைத்தே சொல்லிக்கொடுத்தேன். ஒரே ப-வை இரண்டு ஒலிகளுக்கும் எழுதிப் பழகியவர்களுக்குக் குழப்பம் தரும் 'பின்' (pin), 'பின்' (bin) வேறுபாட்டுக்கு மட்டும் அது உதவாது. குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் காட்டி, வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, எந்தச் சொல்லுக்கு அது அதிகம் அசைகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பயிற்சிப் பொருள்கள் சுமார்தான். அட்டைகள் மெல்லியவை, இரண்டாம் மாதமே ஓரங்கள் கிழிந்தன. ஐ எழுத்துக்கு இக்லூ படம் போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் இட்லி சாப்பிடும் குழந்தைக்குப் பனிவீடு எதற்கு என்று தெரியவில்லை.

அதைவிடப் பெரிய குறை, கற்ற ஒலிகளை மட்டும் வைத்து எழுதிய சிறு கதைப்புத்தகம் ஒன்றுகூடப் பொருள்களில் இல்லாதது. வகுப்பு அலமாரியில் இருந்த புத்தகங்களில் 'நைட்', 'லாஃப்' போன்ற சொற்கள் முதல் பக்கத்திலேயே வருகின்றன. ஒலி கூட்டிப் படிக்க இப்போதுதான் துணிந்த குழந்தை அங்கே தோற்று, மறுபடியும் படத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்குகிறது. 'தி' (the), 'வாஸ்' (was), 'செட்' (said) போன்ற விதிக்கு அடங்காத சொற்களுக்கும் கடைசி இரண்டு வாரங்களை மட்டுமே ஒதுக்கினார்கள், அவை போதவில்லை.

நான்கரை வயதுக்கு மேற்பட்ட, எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்த, வீட்டில் நாளுக்குப் பத்து நிமிடம் உடன் உட்கார ஆள் இருக்கும் குழந்தையை இந்த முதல் நிலையில் சேர்க்கலாம். இதே கட்டணத்துக்கு இரண்டாம் நிலையும் இருக்கிறது. அதில் நாங்கள் சேர்க்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு எளிய சொற்கள் மட்டும் வரும் கதைப்புத்தகங்களை வாங்கியிருக்கிறோம்.