ஹட்டனில் போன் வாங்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நேரம். டவுன் கடையில் யாராவது "பெரிய பிராண்ட், பாதி விலை" என்று எல்ஜி போனை எடுத்துக் காட்டினால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

என் அக்கா கொடுத்தார். 42,000 ரூபாய். மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அப்போது நாட்சம்பளம் 1,350. மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்தாலும் அந்தக் காசு சேராது. மகன் உயர்தரம் படிக்கிறான், சூம் வகுப்புக்கு என்று முற்பணத்தையும் சீட்டுக் காசையும் போட்டு வாங்கினார்.

கடைப் பையன் சொன்னது: "உங்க வீட்டு டிவியும் எல்ஜிதானேக்கா? வருஷக்கணக்கா ஓடுதில்ல? அதே கம்பெனிதான். பிராண்ட் நியூ, சீல் உடைக்காத பெட்டி."

சூது அந்தப் பேச்சில்தான். டிவியும் ஃபிரிஜ்ஜும் எல்ஜி இன்றும் செய்கிறது. ஆனால் போன் வியாபாரத்தை விடுவதாக 2021 ஏப்ரலில் அறிவித்து, அந்த ஜூலையோடு மூடிவிட்டது. மோசமான போன் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அகலமாகப் படம் பிடிக்கும் இரண்டாவது கமராவை 2016இலேயே ஜி5இல் வைத்தவர்கள், 2020இல் திரை சுழலும் விங் போனையும் கொண்டுவந்தார்கள். இவ்வளவு செய்தும் விற்கவில்லை. ஏறக்குறைய ஆறு வருடத்தில் 450 கோடி டொலர் நட்டம். நோக்கியாவும் விழுந்ததுதான், ஆனால் 2016இல் எச்எம்டி நிறுவனம் அந்தப் பெயருக்கு உரிமம் வாங்கிப் புதுப் போன் செய்தது. எல்ஜி போனுக்கு அப்படி யாரும் வரவில்லை. மென்பொருள் புதுப்பிப்பையும் 2025 ஜூன் 30ஓடு நிறுத்திவிட்டார்கள். ஆக, இன்று "புது எல்ஜி போன்" என்று கடையில் இருப்பது பெரும்பாலும் வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்ததைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டதுதான்.

அக்காவுக்குக் கிடைத்தது வி50, 2019ஆம் ஆண்டு மாடல். போனைப் போட்டதும் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் சின்னம் வந்தது. வெள்ளைத் திரையைத் திறந்தால் அடியில் கீபோர்டின் நிழல் மங்கலாகப் பதிந்திருந்தது. புதுப் போனில் அது வரவே வராது, நாள்கணக்கில் யாரோ தட்டிய திரை அது. வோல்டி, அதாவது 4ஜியிலேயே அழைப்புப் பேசும் வசதி, வேலை செய்யவில்லை. அதனால் யாராவது அழைத்தால் 2ஜிக்கு இறங்கி, வகுப்பு அப்படியே அறுந்துவிடும். பிறகு பேட்டரி உப்பி, பின்கண்ணாடி தூக்கிக்கொண்டது.

கொண்டுபோய்க் காட்டினால் முதலாளி, "தோட்டத்துக் குளிர், ஈரம் புகுந்திருக்கு" என்கிறார். (ஹட்டனில் விற்கிறவருக்குக் குளிர் இன்றுதான் தெரிந்ததாம்.) வாரண்டி அட்டையில் இருப்பது கடை முத்திரை மட்டும். பில்லில் "எல்ஜி 1" என்று எழுதி விலை போட்டிருக்கிறார்கள். புதியது என்றும் இல்லை, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்ஈஐ இலக்கமும் இல்லை. வேண்டுமென்றே எழுதாமல் விட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வாங்குமுன் கடையிலேயே *#06# அடித்துப் பாருங்கள், 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று தெரியும். அக்காவின் போனுக்கு இல்லை. கடைக்காரர் "சர்வர் பிரச்சினை, நாளைக்கு அனுப்புங்க" என்றால் நீங்களும் நாளைக்கே வாங்குங்கள். பில்லில் "புதியது" என்ற சொல்லையும் ஐஎம்ஈஐயையும் எழுதச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கத் தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள்.

பாவித்ததைப் புதிது என்று விற்பது நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி குற்றம். 1977க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அதைக் கேள்விப்பட்ட பிறகு முதலாளி 15,000 தருகிறேன், விட்டுவிடுங்கள் என்கிறார். அக்கா முழுக் காசும் வேண்டும் என்று நிற்கிறார். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் பெட்டியையும் பில்லையும் வீசிவிடாமல் வைத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். ஒருவர் போனால் ஈரம் என்பார்கள், பத்துப் பேர் போனால் அந்தக் கதை ஓடாது.