மாம்பழக்கூழ் கம்பெனி வேலையும் ஐந்து வருட இணைய ஆங்கிலமும்

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். படித்ததெல்லாம் தமிழ் மீடியம். வெளிநாட்டு பார்ட்டிகளுக்கு மெயில் எழுத வேண்டி வந்ததால் 2020இல் செல்போனிலேயே ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வருடம் வீண். 'முப்பது நாளில் சரளமாக' என்ற விளம்பரத்தை நம்பி ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிற மாதிரி வீடியோக்கள்தான் வந்தன. அப்புறம் ரீல்ஸ். ஒரு மணி நேரம் பார்த்தால் படித்த மாதிரியே இருக்கும், மறுநாள் ஒரு வார்த்தை நிற்காது.

உருப்படியாக அமைந்தது பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்'. ஆறு நிமிடப் பேச்சு, பேசியது முழுக்க எழுத்திலும் உண்டு, காசு கிடையாது. வாரம் ஒன்றுதான் எடுப்பேன். எழுத்தைப் பார்க்காமல் இரண்டு தடவை கேட்பேன், பிறகு எழுத்தோடு வைத்துப் பார்ப்பேன், கடைசியில் அவர்களோடு சேர்ந்து வாய்விட்டுப் படிப்பேன். நாம் 'கம்ஃபர்டபிள்' என்று எழுத்துக்கூட்டுவதை அவர்கள் 'கம்ஃப்டபிள்' என்று விழுங்குவது அப்படித்தான் காதில் பட்டது. அந்த வேகம் ஒத்துவராதவர்கள் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பழைய 'லேர்னிங் இங்கிலீஷ்' பதிவுகளில் தொடங்கலாம். சுமார் 1,500 வார்த்தைகளை வைத்து, நிதானமாக வாசிப்பதற்கென்றே 1959இல் ஆரம்பித்த ஒலிபரப்பு அது.

மொழிபெயர்ப்புச் செயலியில்தான் நான் அடி வாங்கினேன். 'சாம்பிள் நேத்தே அனுப்பியாச்சு' என்று தமிழில் போட்டேன். அது 'அவர் நேற்று அனுப்பினார்' என்று ஆங்கிலமாக்கிக் கொடுத்தது, நானும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். யார் அந்த அவர் என்று பார்ட்டி கேட்டார். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும், செயலி தானாக ஒருவரைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இப்போது தெரிந்த ஆங்கிலத்தில் நானே எழுதி, அதைத் தமிழாக்கிப் பார்க்கிறேன். நினைத்தது வருகிறதென்றால் சரி.

வார்த்தைக்குக் கேம்பிரிட்ஜ் இணைய அகராதி. பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் தனித்தனியாகக் கேட்கலாம். தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு நாம் தாராளமாகப் போடும் 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலம் என்பது அதில் பார்த்துத்தான் தெரிந்தது. மெயிலில் இப்போது 'பிரிங் ஃபார்வர்டு' என்று எழுதுகிறேன்.

முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பழகும் ஆப் ஒன்றும் வைத்திருந்தேன். இரண்டாம் நாளே நம்பரும் போட்டோவும் கேட்டார்கள், அந்த ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிட்டேன். பெண் பிள்ளைகள் இதில் ரொம்ப கவனமாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஓசூரில் இருக்கும் நண்பனோடு தினமும் கால் மணி நேரம் போனில் ஆங்கிலம் மட்டும். ஏஐயிடம் மெயிலைத் திருத்தக் கொடுக்கும்போது பார்ட்டி பெயரையும் விலையையும் எடுத்துவிட்டுத்தான் ஒட்டுவேன்.

போன சீசனில் கண்டெய்னர் தாமதமானபோது பார்ட்டியோடு முதல்முறை நானே பேசினேன். இரண்டு இடத்தில் புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன், அவரும் நிதானமாகச் சொன்னார். எத்தனை டிரம், எந்தத் தேதி என்று முடிவானதும் அதையே மெயிலிலும் எழுதி அனுப்பினேன்.