வாட்ஸ்அப் குழுவா, நேர்ச் சந்திப்பா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெற்றோருக்குப் பள்ளி விடுமுறை, தேர்வுத் தேதி போன்ற செய்திகளை உடனே சேர்ப்பதில் வாட்ஸ்அப் குழுவை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒரு குழந்தை ஏன் பாடத்தில் திணறுகிறது என்பதை எல்லோரும் பார்க்கும் குழுவில் பேச முடியாது; பேசவும் கூடாது. நேர்ச் சந்திப்பில் ஆசிரியர் நோட்டைத் திறந்து, "இங்க பாருங்கம்மா, கடன் வாங்கிக் கழிக்கறதுலதான் பாப்பா தடுமாறுதுங்க" என்று விரல் வைத்துக் காட்டும்போது, எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அது விளங்குகிறது. வீட்டு நிலவரத்தை அவரும் கூச்சமின்றிச் சொல்கிறார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கே அளித்துள்ளது; எனினும் வேலை நாளில் கூட்டம் வைத்தால், அன்றைய கூலியை இழந்து யார் வருவார்? கற்றலுக்கு நேர்ச் சந்திப்பே என் தேர்வு. அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்க வேண்டும்.