ஒரே பெட்டியா, தனித்தனி டப்பாவா?

கறிவேப்பிலைச் செடியில் கிடைத்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை முதலில் ஒரே பெட்டியில்தான் வளர்த்தேன். வேலை குறைவு: காலையில் ஒரு கொத்து இலை, மாலையில் எச்சத்தைத் துடைத்தால் சரி.

ஒரு நாள் ஒரு புழு மூடிவரை ஏறி, பின்கால்களால் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கியது. இலைக்காம்பால் தொட்டதும் தோல் கிழிந்து பழுப்பு நீர் வழிந்தது. என்.பி.வி. என்ற வைரஸின் வேலை இது. அந்த நீரில் புரதப் படிகங்கள் கோடிக்கணக்கில் இருக்கும், அவற்றுக்குள் வைரஸ். அந்த நீர் சொட்டிய இலையை அடுத்த புழு தின்றால், அதன் குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து வைரஸ் வெளியே வரும். பெரிய பெட்டியில் கீழே இருப்பவை எல்லாம் அந்த இலையைத்தான் தின்கின்றன. பாவம், எதுவும் மிஞ்சவில்லை.

தனி டப்பாவில் வேலை அதிகம்தான். பத்துப் புழு என்றால் தினமும் பத்து டப்பா துடைக்க வேண்டும். ஆனால் ஒன்று செத்தால் பெரும்பாலும் அதோடு நிற்கும். எது தின்னாமல் சோர்ந்திருக்கிறது என்பதும் உடனே தெரியும். அதனால் இப்போது தனி டப்பாதான். மிகச் சின்னப் புழுக்களை மட்டும் நாலைந்தாக வைக்கிறேன், தூக்கி மாற்றினால் நசுங்கிவிடும்.

இலையிலோ முட்டையின் மேலோ வைரஸ் ஒட்டி வந்தால் டப்பாவும் காப்பாற்றாது. நோய் வந்த புழுவுக்கு மருந்தும் இல்லை. டப்பாவைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். செத்த புழுவைச் செடியடியில் வீசாதீர்கள். மண்ணில் அந்தப் படிகங்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.