செய்யாற்றுப் பக்கத்துக் கூத்து மையத்தில் எழுத்துப் பயிற்சி: மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சிறு நகரம் ஒன்றில், உள்ளூர்க் கலைஞர்களும் சில ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் கலை மையத்தில், மாசி முதல் வைகாசி வரை எழுத்துப் பயிற்சியாளராக இருந்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதழியலோ தமிழிலக்கியமோ படித்துவிட்டு இத்தகைய பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இது தெருக்கூத்தின் நாடு. வெளியுலகம் இந்த வட்டாரத்தைக் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயரோடு சேர்த்தே அறிந்திருக்கிறது. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி வழியாகச் சென்னையின் நவீன நாடகக்காரர்களும் தம்பிரானைத் தேடி வந்தார்கள். ஆனால் கூத்து இங்கே வாழ்வது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களால்தான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் அதே கதையின் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழும் படுகளமும் தீமிதியும் என்று ஊர் முழுவதும் பாரதத்துக்குள் குடியேறிவிடுகிறது. இதை அறியாமல் போகும் பயிற்சியாளருக்கு முதல் மாதம் வீணாகும். எனக்குப் பாதி வீணானது.

எனக்குத் தரப்பட்ட வேலைகள் பல. நிகழ்ச்சிக்கான துண்டறிக்கை, நகரத்துப் பார்வையாளர்களுக்கான கதைச் சுருக்கம், புகைப்படக் குறிப்புகள், நிதி விண்ணப்பங்கள், முதிய கலைஞர்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குதல் ஆகிய எல்லாம் ஒரே மேசையில் வந்து சேர்ந்தன. பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருந்ததால், அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, மாற்றத்தில் சிதைந்த கொம்புகளையும் கால்களையும் சரிசெய்வதிலேயே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழிந்தன. இது சலிப்பூட்டும் வேலைதான். இருந்தாலும் இருபது ஆண்டுகளாக அந்த மையம் எதை எழுதியது, எப்படி எழுதியது என்பதை நான் அறிந்துகொண்டது இந்த வேலையில்தான்.

இந்தப் பயிற்சியின் உண்மையான மதிப்பை உணர்த்தியது என் முதல் துண்டறிக்கை. 'அழிந்துவரும் அரிய கலையைக் காண வாருங்கள்' என்று தொடங்கி, நடிகர்கள், மேடை, நாடகம் என்ற சொற்களால் அதை நிரப்பியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் கூத்து வாத்தியாரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பது மையத்தின் விதி. அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அழியிற கலைன்னு எழுதியிருக்கியேம்மா, சித்திரை பூரா எங்களுக்குத் தூக்கமே கெடையாது, தெரியுமா?" என்றார். அவர் குழுவின் நாட்குறிப்பைப் பார்த்தேன். பங்குனியிலிருந்து ஆடி வரை வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்த ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கோயில் திருவிழா இல்லாத நாளில், யாரோ ஒருவரின் கருமாதி இரவுக்கு 'கர்ண மோட்சம்' என்று குறிக்கப்பட்டிருந்தது. நான் கல்லூரியிலிருந்து கொண்டுபோன வாக்கியத்துக்கு அந்த நாட்குறிப்பில் இடமே இல்லை.

பிறகு அவர் சொல்லுக்குச் சொல் திருத்தினார். கூத்தில் நடிப்பவர் இல்லை, வேஷம் கட்டுபவர்தான் உண்டு. ஆடும் இடம் மேடை அன்று, களரி. தோளிலும் மார்பிலும் தலையிலும் அணிவதை 'அலங்காரப் பொருட்கள்' என்று எழுதியிருந்தேன். அவை கட்டைகள், எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாளும் ஒட்டிச் செய்யப்படுபவை. விடிய விடிய ஆடும் உடம்பு அவற்றைச் சுமக்க வேண்டும் என்பதற்காகவே அந்த மரம். இப்படி ஒரு சொல்லின் பின்னால் ஒரு காரணம் நிற்பதைக் கண்ட பிறகு, பொதுச்சொல்லை எழுதக் கை கூசுகிறது. திருத்திய அறிக்கை தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டப்பட்டபோது, அதைப் படித்தவர்கள் எல்லாரும் என்னைவிடக் கூத்தை அறிந்தவர்கள். அத்தகைய வாசகர்கள் முன் எழுதிப் பழகும் வாய்ப்பைச் சென்னையில் நான் செய்த எந்தப் பயிற்சியும் தரவில்லை.

'அர்ச்சுனன் தபசு' இரவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தபசு மரம் எனப்படும் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறும் அர்ச்சுனன், உச்சியிலிருந்து எலுமிச்சம் பழங்களையும் விபூதியையும் வீசுகிறான். பிள்ளை வேண்டி ஈரப் புடவையோடு நின்ற பெண்கள் அவற்றை மடியில் ஏந்துகிறார்கள். நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். மறுநாள் மையத்தில் அந்தப் பெண்களின் முகம் தெரியும் படங்களை வெளியிடுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஒரு கலை மையத்திடம் நான் எதிர்பார்க்கும் கண்ணியம் இதுதான்.

குறைகளில் பெரியது, எனக்குத் துண்டறிக்கையில் தடுக்கப்பட்ட அதே 'அழிந்துவரும் கலை' நிதி விண்ணப்பங்களில் தாராளமாக இடம்பெறுவது. பணம் தருபவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறார்கள் என்று நிர்வாகத்தினர் விளக்கினார்கள். அவர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் இதை ஏற்க மனம் ஒப்பவில்லை. கூத்தில் குறைந்துவருவது ஆட்டம் அன்று, ஆடுபவருக்கான கூலியும் முதுமைக்கான பாதுகாப்பும்தான் என்று நேராக எழுதிய ஒரு வரைவைக் கொடுத்தேன். அது பயன்படுத்தப்பட்டதா என்று எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய் என்று வாய்மொழியாகப் பேசினார்கள். இரண்டாம் மாதத் தொகை ஐந்து வாரம் தாமதமாக வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் கேட்டுப் பெறுவது நல்லது. தங்குமிடம் சுத்தமாக இருந்தது. பெண்களுக்கு இரவு ஆட்டத்திலிருந்து திரும்பிவரும் வண்டி ஏற்பாட்டில் மட்டும் கவனம் போதாது. பலமுறை கலைஞர்களின் வேனிலேயே, உறங்கும் அனுமன் வேஷக்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துத் திரும்பினேன். அவர்கள் என்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நடத்தினார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பொறுப்பு மையத்துடையது.

கடைசி இரண்டு வாரங்களில் நான் விரும்பிச் செய்த வேலை, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கான விண்ணப்பங்களை நிரப்பியது. முகவீணை என்ற சிறு ஊதுகருவியை வாசிக்கும் முதியவர் ஒருவரின் ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறொரு பெயரும் இருந்தன. களரியில் அவரை அழைக்கும் பெயரோ இரண்டிலும் இல்லை. அவர் எத்தனை ஆண்டுகளாக வாசிக்கிறார், யாரிடம் கற்றார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, மையத்தின் முத்திரையோடு இணைத்தோம். நான் கிளம்பும் நாளில் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றைத் தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கி, மடிக்காமல், முகவீணைப் பையில் வைத்துக்கொண்டார்.

விண்ணப்பிப்பவர்கள் தை மாதத்திலேயே மையத்தோடு பேசிவிடுவது நல்லது. ஆடி மாதம் முடிந்த பிறகு போனால் கோப்புகள் மட்டுமே இருக்கும்.