நல்ல டிரம் வீட்டிலா, மேடையிலா?

போன ஆடியில் ஒரு கோயில் திருவிழா மேடை. இடைவேளைக்கு இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறினால், தரையில் நிற்கிற பெரிய டிரம்மான என் ஃப்ளோர் டாமின் மேல் ஒரு வெற்றிலைத் தட்டம் இருக்கிறது. பக்கத்தில் பாதி குடித்த சோடாப் போத்தல். வைத்தவர் ஊர்ப் பெரியவர் ஒருவர். "ஐயா, இது வாசிக்கிற சாமான்" என்றேன். "தெரியும் தம்பி, நீ இப்ப வாசிக்கல்லதானே" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அன்று மேடையில் இருந்தது என் இரண்டாவது செட். நல்லது வீட்டில் பழைய பெட்ஷீட்டுக்குள் இருந்தது. மச்சான் ஒருவர் சுவிஸிலிருந்து கப்பலில் அனுப்பியது. சிறு பட்டறையில் கையால் செய்த மேப்பிள் மரச் செட், கூடவே ஒற்றைப் பலகையில் செய்த ஸ்னேர், அடித்தோலில் கம்பி பூட்டிய டிரம் அது. பட்டறையின் பெயரைச் சொன்னால் நீங்கள் விலையைக் கேட்பீர்கள். விலையைச் சொன்னால் என் மனைவி கேள்வி கேட்பாள். விடுவோம்.

இப்படி ஒரு செட்டைத் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் தூக்கிக்கொண்டு போகலாமா என்பதுதான் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் டிரம் வாசிக்கிற நாங்கள் சந்திக்கும்போதெல்லாம் வரும் வாக்குவாதம். இரண்டு பக்கத்திலும் மாறி மாறி இருந்து பார்த்தவன் நான்.

கொண்டுபோகத்தான் வேண்டும் என்பவர்களின் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். கூறைச்சேலையை அலுமாரியில் வைத்துப் பூச்சிக்குக் கொடுப்பது போலத்தான் நல்ல டிரம்மை மூடிவைப்பதும். கேட்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில் வாசிக்காமல் வேறு எங்கே வாசிப்பது? இன்னொன்றும் உண்டு. நல்ல ஸ்னேரில் குச்சி விழுந்து எழும்புகிற விதமே வேறு. மெதுவாகத் தட்டினாலும் பதில் சொல்லும். அது கையில் இருக்கிற இரவில் நான் குறைவாக அடித்து நன்றாக வாசிக்கிறேன். இதைக் கற்பனை என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

ஆனால் கூட்டத்துக்கு என்ன போய்ச் சேர்கிறது? திறந்தவெளி மேடையில் காலால் அடிக்கிற கிக் டிரம்முக்குள்ளே ஒரு மைக், ஸ்னேருக்கு ஒன்று, டாம்களுக்கு ஒவ்வொன்று. எல்லாம் தோலிலிருந்து இரண்டு மூன்று விரல் உயரத்தில். அவ்வளவு கிட்டத்தில் மைக் பிடிப்பது பெரும்பாலும் ஹெட் என்கிற அந்தத் தோலையும் குச்சியையும்தான். மரத்தின் குரல் முழுசாகச் சேர்ந்து வர நாலைந்து அடி தூரமாவது வேண்டும். பிறகு சவுண்ட்காரர் ஓசை இழுபடுவதை வெட்டி, நடுச் சத்தத்தைக் குறைத்து, கிக்கின் அடியை ஏற்றிவிடுவார். அதெல்லாம் முடிந்து பெரிய பெட்டிகளால் வெளியே வரும்போது விலை கூடிய மேப்பிளும் மலிவான பொப்ளர் மரமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

மலிவு செட்டும் முன்பு போல இல்லை. 1982இல் பேர்ல் கம்பனியின் எக்ஸ்போர்ட் செட் வந்த பிறகு நடுத்தர விலைச் செட்கள் மேடைக்குப் போதும் என்ற நிலை வந்துவிட்டது. இன்று மெஷினில் வெட்டும் ஷெல் விளிம்பு, அதாவது டிரம்மின் மரக்கூட்டு விளிம்பு, ஒழுங்காகவே இருக்கிறது. புது ஹெட் போட்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்து டியூன் பண்ணிய மலிவு செட், பழைய ஹெட்டோடு வருகிற விலை உயர்ந்த செட்டை மேடையில் தோற்கடிக்கும். பல மேடையில் கண்டேன். மரத்துக்குச் செலவழித்துவிட்டு ஹெட்டுக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள்தான் எங்களில் அதிகம், நானும் சேர்த்தி. கைவேலை என்கிற சொல்லிலும் கொஞ்சம் மயக்கம் இருக்கிறது. பல சிறு பட்டறைகள் ஷெல்லைத் தாங்களே செய்ததில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள கெல்லர் நிறுவனத்திடம் வாங்கி, விளிம்பு வெட்டி, வர்ணம் பூசி, இரும்புச் சாமான் பூட்டி விற்றார்கள். வேலை சுத்தமான வேலைதான், மறுக்கவில்லை. மரத்தில் மந்திரம் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

ஒற்றைப் பலகை ஸ்னேர் வேறு கதை. ஒரே பலகையை ஆவியில் வளைத்து வட்டமாக்குகிற வேலை அது. அமெரிக்காவின் ஜானி கிராவியோட்டோ பெயரெடுத்தது அதில்தான். பல தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ஷெல்லில் ஒரு தகடு நெளியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் பலகைக்கு அந்தத் துணை இல்லை. கார்த்திகை, மார்கழி மழையில் ஈரத்தைக் குடிக்கும், ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காயும். எங்கள் திருவிழாக் காலமும் அந்தக் கச்சான் காலம்தான். பகலில் வெயில் கொளுத்தும் மேடையில் பூட்டிவைத்து, இரவு பனியில் வாசித்து, விடியற்காலை பட்டா என்கிற சின்ன லொறியில் தறப்பாளுக்குக் கீழே ஏற்றினால் எந்த மரமும் சும்மா இருக்காது.

அதற்காக வீட்டில் வைத்தால் பாதுகாப்பு என்கிற நினைப்பும் எங்கள் கரைக்குப் பொருந்தாது. லுட்விக்கின் சுப்ராஃபோனிக் ஸ்னேரைத் தெரிந்திருக்கும்: அலுமினிய ஷெல்லுக்கு மேல் குரோம் பூச்சு. அந்தக் குரோம் நாளாக நாளாகக் கொப்பளித்துப் புள்ளி விழுவது உலகமெங்கும் தெரிந்த குறை. கல்லடியில் கடலைப் பார்த்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம், பெட்டிக்குள் இருந்தபடியே ஹெட்டை இறுக்குகிற லக் எல்லாம் துருவேறும். 2004இல் வீட்டிலேயே பத்திரமாக இருந்த எத்தனையோ சாமானைக் கடல் வந்து எடுத்துக்கொண்டு போனது. ஆகவே பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் சொல்லி யாரும் என்னிடம் செட்டை மூடிவைக்கச் சொல்ல முடியாது.

எனக்கு நியாயமாகப் படுகிற தடை காசு. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள்; 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முன்பு வாங்கின சாமானை இன்று மாற்றப் போனால் கை சுடும். கைவேலை செட்டின் ஒரு கிளாம்ப் உடைந்தால் கொழும்புக் கடையிலும் கிடைக்காது. பட்டறைக்கு எழுதி, மச்சான் வாங்கி, யாராவது ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை கடற்கரை மேடையில் என் டாம் கால் ஒன்றின் திருகு மணலுக்குள் விழுந்தது. நாலு பேர் கைபேசி லைட் அடித்துத் தேடினோம். கிடைக்கவில்லை. அது மலிவு செட் என்பதால் மறுநாள் பொருந்துகிற ஒன்றை இரும்புக் கடையில் எடுத்தேன்.

மேடையில் சவுண்ட்காரரே கொண்டுவந்து போடுகிற செட் இருக்கிறதே, அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஹெட்டில் பள்ளம், ஸ்னேர் கம்பியில் பாதி இல்லை, பெடல் பேய் மாதிரிக் கத்தும். முதுகு நோகாது என்பது ஒன்றே லாபம். குச்சியால் தட்டினால் மின்சாரத்தில் சத்தம் கொடுக்கிற ஆக்டபேடும் அப்படித்தான், மழைக்கும் சின்னக் கலியாண வீட்டுக்கும் உதவும். ரோலண்ட் 1985இல் வைத்த பெயர், இப்போது எந்தக் கம்பனியின் பேடையும் நாங்கள் ஆக்டபேட் என்றுதான் சொல்கிறோம். சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் சத்தம் கொடுக்கும். ஜெனரேட்டர் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இப்போது நான் செய்வது இது. திறந்தவெளி என்றால் டாமும் கிக்கும் மலிவு செட்டிலிருந்து. ஸ்னேர், சிம்பல், பெடல், ஆசனம் நாலும் என்னுடைய நல்லவை. பாட்டு முழுக்க இரண்டாவது, நாலாவது தட்டில் காதில் விழுவது ஸ்னேர். டாம் எப்போதாவது உருண்டுவிட்டுப் போகும். சிம்பலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அதை டியூன் பண்ண முடியாது, ஹெட் மாற்ற முடியாது, பித்தளையில் செய்த மலிவுச் சிம்பலை எந்த மிக்ஸரும் திருத்தாது. நூற்றுக்கு 20 பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலச் சிம்பல் நல்ல கையில் அடிபட்டால் ஒரு ஆயுளுக்கு வரும். வெடித்தால் ஒட்ட முடியாது என்பதும் உண்மைதான், அந்தப் பயத்தோடுதான் கொண்டுபோகிறேன். ஸ்னேரைப் பட்டாவில் ஏற்றுவதில்லை. மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போவேன்.

முழு செட்டையும் கொண்டுபோகிற இடங்களும் உண்டு. மைக் இல்லாத சின்ன மண்டபம், தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்கும் நாள், ஒலிப்பதிவு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பறங்கியர் வீட்டுக் கலியாணம். கஃப்ரிஞ்ஞா, பைலா என்று ஆட்டப் பாட்டெல்லாம் ஆறெட்டுத் தாளத்தில் ஓடும். வயலின்காரர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார், ஆடுகிறவர்களின் செருப்புச் சத்தமும் தாளத்தில் சேரும். அங்கே மேப்பிள் கிக்கின் அடி தரை வழியாகக் காலுக்கு வரும். ஒரு கிழவர் பாட்டு முடிந்ததும் வந்து டாமை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு தட்டுக்காகவே அதைத் திரும்பவும் நாலு பெட்டியில் அடுக்கித் தூக்கலாம்.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த அண்ணாவியார் ஒருவரிடம், கூத்துக் களரியில் மத்தளம் வாசித்து ஆட்டத்தை நடத்துகிறவரிடம், சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வீட்டுக்கு ஒரு மத்தளம், களரிக்கு ஒரு மத்தளமா மகன்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் தோன்றியது: அவருடைய மத்தளம் விடியவிடிய இடுப்பிலேயே கட்டியிருக்கும். என் ஃப்ளோர் டாமுக்கு மூன்று கால். இறங்கி ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள் அது மேசையாகிவிடுகிறது.